அமெரிக்க வெளியுறவுக் கொள்கை: மாற்றங்களை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிபர் மாறியதும் அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை தலைகீழாகிவிட்டது என்று முடிவுகட்டுவதே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் தவறு. சீனப் பொருள்கள் மீது 2018 முதல் டிரம்ப் விதித்த கூடுதல் வரிகளைப் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்த பைடன், 2024-இல் சீன மின்சார வாகனங்களுக்கான வரியை 100 சதவீதமாக உயர்த்தினார். ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறுவதற்காகத் தாலிபானுடன் செய்த தோஹா உடன்பாடு 2020 பிப்ரவரியில் டிரம்ப் ஆட்சியில் கையெழுத்தானது. 2021 ஆகஸ்டில் படைகளை முழுவதுமாக விலக்கி, பழியையும் சுமந்தவர் பைடன்.

அறிவிப்பையே மாற்றமாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. 2015 ஜூலையில் அமெரிக்காவும் கியூபாவும் தூதரகங்களை மீண்டும் திறந்தன. மறு ஆண்டு மார்ச்சில் ஒபாமாவே ஹவானா சென்றார். ஆனால் 1962-இல் கென்னடி பிறப்பித்த வணிகத் தடை நீங்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1996-இல் இயற்றிய ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் அத்தடைக்குச் சட்ட வடிவம் கொடுத்துவிட்டதால், அதை அடியோடு விலக்கும் அதிகாரம் அதிபரிடம் இல்லை. தமது ஆணைக்கு உட்பட்ட தளர்வுகளை மட்டுமே ஒபாமாவால் செய்ய முடிந்தது. அவற்றில் பலவற்றை அடுத்து வந்தவர் எளிதாகத் திரும்பப் பெற்றார். ஒரு மாற்றம் பேச்சாக நிற்கிறதா, ஆணையா, சட்டமா என்பதைப் பார்க்காமல் அதன் ஆயுளைக் கணிக்க இயலாது.

1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங் சென்றதும் எல்லாம் ஒரே வாரத்தில் மாறிவிட்டதாகக் கருதுவதும் சரியன்று. 1969 மார்ச்சில் எல்லையிலுள்ள உசூரி ஆற்றில் சோவியத், சீனப் படைகள் மோதிக்கொண்டபோதே அமெரிக்கா சீனாவை நெருங்கும் வாய்ப்பு கனியத் தொடங்கியிருந்தது. 1971 ஜூலையில், பாகிஸ்தானில் உடல்நலமில்லை என்று போக்குக் காட்டிவிட்டு நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் ரகசியமாகப் பெய்ஜிங் சென்று வந்தார். முழுமையான தூதரக உறவோ 1979 ஜனவரி 1 அன்று, எதிர்க்கட்சியைச் சேர்ந்த கார்ட்டரின் ஆட்சியில்தான் ஏற்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் தைவானுக்குத் தற்காப்பு ஆயுதங்கள் வழங்க வகைசெய்யும் சட்டமும் நிறைவேறியது. புதிய உறவு பழைய கடப்பாட்டை முற்றிலும் துடைத்துவிடவில்லை.

இரு உலகப் போர்களுக்கும் இடையில் அமெரிக்கா உலகை விட்டு ஒதுங்கியே இருந்தது என்ற கூற்று ஐரோப்பிய அரசியலைப் பொறுத்தவரை ஓரளவு பொருந்தும். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் ஆக்கிரமித்திருந்த ஹைட்டியில் அதை யாரும் ஒப்பமாட்டார்கள்.

உறவை நட்பு, பகை என்ற இரண்டே சொற்களில் அடக்குவது நம்மிடம் அதிகம். 1998 அணுச்சோதனைகளுக்காக இந்தியா மீது பொருளாதாரத் தடை விதித்த வாஷிங்டன், பத்தே ஆண்டுகளில் அணுசக்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அது விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தை எட்டியது. அந்த வரி நடப்பில் இருக்கும்போதே, அக்டோபர் இறுதியில் கோலாலம்பூரில் இரு நாடுகளும் பத்தாண்டுப் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன.