கிட்டாரோடு ஆர்கெஸ்ட்ரா: ஆல்பம் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்லோ வாசித்தவர் வில்லை எடுத்துவிட்டார். அறையின் கார்வை மெல்ல மெல்ல அடங்குகிறது. அந்தக் கடைசி நான்கு நொடிக்காகவே அந்த இசையை எழுதியதுபோல் இருந்தது எங்களுக்கு. சில நாள் கழித்து மிக்ஸிங்கில் ஒலியைக் கூட்டிக் கேட்டபோது, கார்வைக்குள் 'டிக்... டிக்...' என்று கிளிக் சத்தம், அதாவது வாசிப்பவர்கள் தாளம் தவறாமலிருக்க ஹெட்போனில் ஒலிக்கும் தட்டு. யாரோ ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருக்கிறார். திறந்து கிடந்த மறுபக்கத்திலிருந்து கசிந்து மைக்கில் ஏறியிருக்கிறது. 18 பேரைத் திரும்ப அழைக்கக் கையில் பணமில்லை. முடிவைச் சீக்கிரமே மங்கச் செய்து வெளியிட்டோம். இப்போதும் அந்த இடம் வரும்போது மனசு கேட்பதில்லை.

கிட்டாரில் பிசகினால் நாளை காலை திரும்ப வாசிக்கலாம். ஆர்கெஸ்ட்ரா மூன்று மணி நேரம் வரும், முன்னால் வைத்த தாளில் இருப்பதை வாசிக்கும், போய்விடும். இரண்டு மூன்று கிட்டார் கலைஞர்கள் கூடி ஒரு வாத்திய ஆல்பம் செய்து, அதில் ஸ்ட்ரிங்ஸும் (வயலின், வியோலா, செல்லோ போன்ற வில் வாத்தியங்கள்) ஊது வாத்தியங்களும் சேர்க்க நினைத்தால், பெரும்பாலான தவறுகள் அந்த மூன்று மணி நேரம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

கிட்டாரை நிரப்பிவிட்டு ஸ்ட்ரிங்ஸுக்கு இடம் தேடுவது

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ரிதம் கிட்டார் இரண்டு, கார்டின் சுரங்களைத் தனித்தனியே மீட்டும் ஆர்பெஜியோ ஒன்று, மெலடி ஒன்று, அதற்கு ஹார்மனி ஒன்று என்று ஐந்தாறு அடுக்கைப் பதிந்துவிட்டு, "இதுக்கு மேல ஸ்ட்ரிங்ஸ் போட்டுக் கொடுங்க" என்று, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வரி பிரித்து எழுதும் அரேஞ்சரிடம் நீட்டுவார்கள். கிட்டாரின் கீழ்த்தந்தி 82 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, மேல் ஃப்ரெட்டுகளில் 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. செல்லோ 65-இலும் வியோலா 130-இலும் வயலின் 196-இலும் தொடங்குகின்றன. எல்லாரும் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். நடுக்கூடம் முழுக்கக் கிட்டாரே பாய் விரித்துவிட்டால் மற்றவர்களுக்கு மொட்டைமாடிதான் மிச்சம். ஒவ்வொரு டிராக்கிலும் வயலின்கள் உச்சத்தில் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும் ஆல்பங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

ஸ்பெயினின் ஹோவாகின் ரோட்ரிகோ 1939-இல் எழுதி, அடுத்த ஆண்டு பார்சிலோனாவில் அரங்கேறிய 'கொன்சியெர்தோ தே அரன்ஹுவெஸ்' இதற்கு நல்ல பாடம். கிட்டாரின் சன்னமான குரல் ஆர்கெஸ்ட்ராவுக்குள் மூழ்கிவிடக்கூடாது என்ற கவனம் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். மெதுவான இரண்டாம் பகுதியில் கிட்டார் வெறும் கார்டுகளை மீட்டிக்கொண்டிருக்க, கோர் ஆங்கிலே என்ற ஊது வாத்தியம் மெலடியைப் பாடுகிறது. பிறகு கிட்டார் அதை வாங்கி, அலங்கரித்துத் தன் குரலில் சொல்லும்போது ஸ்ட்ரிங்ஸ் அடியில் மெல்லிய விரிப்பாகிவிடும். ஆர்கெஸ்ட்ரா முழுமூச்சாக எழும்பும் உச்சத்தில் கிட்டார் ஒதுங்கி வழிவிடுகிறது. இன்றைக்கு மைக்கும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரும் இருக்கின்றன, கிட்டாரைச் சத்தமாக்குவது பெரிய காரியமில்லை. நெரிசல் மட்டும் சத்தத்தால் தீராது.

அதனால் முதலில் கிட்டாரை வழிகாட்டியாக மட்டும் பதியுங்கள். அதன்மேல் அரேஞ்சர் கணினி ஒலிகளில் ஒரு மாதிரி செய்யட்டும். அதைக் கேட்டு, ஸ்ட்ரிங்ஸ் செய்கிற வேலையைச் செய்யும் கிட்டார் அடுக்கு எதுவானாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவிடுங்கள். ஆர்கெஸ்ட்ரா பதிந்து முடிந்த பிறகுதான் மெலடி கிட்டாரின் இறுதி டேக். உயிருள்ள வில்லோசையைக் காதில் வாங்கிக்கொண்டு வாசிக்கும்போது விரல் வேறு மாதிரி பேசும். டிஸ்டார்ஷன் கிட்டார் என்றால், மேடையில் வைக்கும் கெயினில் (ஒலியைப் பெருக்கும் அளவில்) பாதி போதும். அதன் கரகரப்பே வயலின் இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

யார் முடிவு சொல்வது என்பதைப் பேசாமல் விடுவது

நண்பர்கள் என்பதால் கூச்சம். ஆனால் ஆர்கெஸ்ட்ரா முன்னால் இரண்டு பேர் இரண்டு விதமாகத் திருத்தம் சொன்னால் நேரமும் போகும், வாசிப்பவர்களின் நம்பிக்கையும் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசும் குரல் ஒன்றாக இருக்கட்டும். காசு விஷயமும் அப்படியே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இசையின் உரிமை அதை அமைத்தவருக்கு. ஒலிப்பதிவின் உரிமை, முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்த தயாரிப்பாளருக்கு. எல்லாரும் பணம் போட்டு, தயாரிப்பாளர் யார் என்று யாருமே எழுதிக்கொள்ளாத ஆல்பத்தில் பின்னால் வரும் மனஸ்தாபம் பெரியது. மெலடி யாருடையது, அரேஞ்சருக்குச் சம்பளம் மட்டுமா, பங்கும் உண்டா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

சுருதி

கிட்டாரை, 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சுருதி சேர்த்துப் பதிந்துவிட்டு, ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றை இணையம் வழியே பதியப் போகிறீர்கள் என்று வையுங்கள். அங்கே பல குழுக்களின் வழக்கம் 442 அல்லது 443. வித்தியாசம் 8 முதல் 12 சென்ட்; சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. தனித்தனியே கேட்டால் இரண்டும் சுத்தமாக இருக்கும்; சேர்ந்தால் எங்கோ புளிக்கும். முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது.

அதைவிட நுட்பமானது இன்னொன்று. ஃப்ரெட் போட்ட வாத்தியத்தின் மேஜர் மூன்றாம் சுரம், அதாவது நம் அந்தர காந்தாரம், இயற்கையான காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் தூக்கலாக நிற்கும். வயலின்காரர்கள் நீண்ட கார்டில் தங்களையறியாமல் இயற்கையான இடத்துக்கே சாய்வார்கள். மெதுவான பகுதிகளில் அந்தச் சுரத்தைக் கிட்டாரிலிருந்து எடுத்து வியோலாவிடம் கொடுத்துப் பாருங்கள். அறைக்குள் வெளிச்சம் வந்ததுபோல் இருக்கும்.

கமகம் வைத்து வாசிக்கும் கிட்டாரிஸ்ட் என்றால் இன்னும் கவனம் தேவை. தந்தியை இழுத்து வளைக்கும் மெலடியோடு பத்து வயலினை ஒரே வரியில் வாசிக்கச் சொல்லாதீர்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்த சென்னைக் கலைஞர்கள் ஒருமுறை பாடிக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். ஸ்டாஃப் நோட்டேஷன் மட்டுமே படிக்கும் குழுவுக்குத் தாளில் இல்லாத அசைவு கண்ணில் படாது. அவர்களுக்கு நிற்கும் சுரங்களைக் கொடுத்து, வளைவதைக் கிட்டாரிடமே விட்டுவிடுவது நல்லது.

தாளில் நடக்கும் பிழைகள்

கிட்டாருக்கு எழுதும் சுரம், ஒலிப்பதைவிட ஓர் ஆக்டேவ் மேலே எழுதப்படுகிறது. கிட்டாரிஸ்ட் கொடுத்த நோட்டேஷனை அப்படியே வயலினுக்கு மாற்றினால் ஸ்ட்ரிங்ஸ் முழுவதும் ஒரு மாடி மேலே போய்விடும். தந்திகளை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேபோ கவ்வியைப் போட்டாலும், தந்திகளை அரைச்சுரம் இறக்கினாலும், ஸ்கோரில் இருக்க வேண்டியது காதில் விழும் சுரம்.

கிட்டாருக்குப் பிடித்த ஸ்கேல் ஈ மேஜர். அது பி ஃபிளாட் கிளாரினெட்டின் தாளில் ஆறு ஷார்ப்போடு வந்து நிற்கும். ஒரு செஷனில் கிளாரினெட் வாசிக்க வந்த பெரியவர் தாளை இரண்டு நிமிடம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து இன்னொரு கிளாரினெட்டைக் கோத்தார். அது 'ஏ' கிளாரினெட். அதற்கு அதே இசை ஒரே ஒரு ஷார்ப்போடு ஜி மேஜர் ஆகிவிடும். தாளைப் பார்த்து வாசிப்பதற்குப் பதில் அவர் மனசுக்குள் மாற்றி மாற்றி வாசித்தார். எழுதியவன் செய்திருக்க வேண்டிய வேலை அது. அன்றிலிருந்து ஈ, ஏ ஸ்கேல்களில் எழுதும்போது ஏ கிளாரினெட்டுக்கே எழுதி, முன்தினமே தகவலும் சொல்லிவிடுகிறேன்.

மென்பொருளிலிருந்து நேரே அச்சடித்த தாள்கள் வேறு கொடுமை. முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஓய்வுகள், எங்கும் வில் குறி இல்லை, மெதுவா சத்தமா என்ற குறிப்பில்லை, பார் எண்கூட இல்லை. மூன்று மணி நேர செஷனில் 10 முதல் 15 நிமிட இசையை எதிர்பார்ப்பதே நியாயம். தாளில் உள்ள சந்தேகங்களைத் தீர்க்க ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் அந்த நேரத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

செஷன் நாளில்

கிட்டாரிஸ்ட் மூச்சுவிட்டு நிறுத்தி வாசித்த இடங்களை நேர்க்கோட்டுக் கிளிக்கில் அடைக்காதீர்கள். அவர் வாசிப்பிலிருந்தே டெம்போ (வேக) வரைபடம் தயாரித்து, கிளிக் அதன்படி ஓடட்டும். கடைசிக் கார்டில் கிளிக்கை அணைக்க ஒருவர் பொத்தானில் கை வைத்தபடி இருக்கட்டும். மூடிய வகை ஹெட்போன் மட்டும் கொடுங்கள். ஒரு காதில் மாட்டுபவர்களுக்கு ஒற்றைக்காது ஹெட்போனே வைத்திருங்கள்.

ஃபைல்களின் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பதை, எல்லா ஊரிலும் ஒன்றாக வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலை மாற்றாமல் 48-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும்.

பணம் குறைவென்றால் சின்னக் குழுவே போதும். ஆனால் ஒரே வரியை இரண்டு வயலின் மட்டும் வாசித்தால் சுருதி வித்தியாசம் பச்சையாகத் தெரியும். ஒன்று அல்லது மூன்று வையுங்கள். அதே குழுவை மேலே மேலே பதிவதானால் ஒவ்வொரு முறையும் இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கிட்டார் படுக்கையறையில் பதிந்தது, ஆர்கெஸ்ட்ரா பெரிய கூடத்தில். எவ்வளவு ரிவெர்ப் (செயற்கைக் கார்வை) போட்டாலும் கிட்டார் வேறு ஊரிலிருந்து பேசுவதுபோலவே கேட்கும். செஷன் முடிந்து எல்லாரும் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக் கிளம்பிய பிறகு, மைக்குகளை அசைக்காமல், நடத்துநர் நின்ற இடத்துக்கு அருகே ஒரு நல்ல ஸ்பீக்கரை வையுங்கள். பதிந்த கிட்டாரை அதில் ஓட்டி, தலைக்கு மேலே தொங்கும் அதே மைக்குகளில் பதியுங்கள். அந்தக் கூடத்தின் காற்று கிட்டாருக்கும் கிடைத்துவிடும். மெலடி கிட்டாரின் இறுதி டேக் இன்னும் வரவில்லை என்றால், கைதட்டல் போன்ற கூர்மையான ஒலியைக் கூடத்தில் எழுப்பி அதன் கார்வையையாவது பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ரிவெர்ப்பாகப் பயன்படும். கூடத்தை வாடகைக்கு எடுக்கும்போதே இதற்கென்று கடைசியில் அரை மணி நேரம் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.