எஃப்ஏ கப்பை வேலூர்ல உக்காந்துனே மொத்த சீசனும் ஃபாலோ பண்றது எப்படி

எஃப்ஏ கப்னா இங்கிலாந்து ஃபுட்பால் டீமுங்க தோத்தா வெளியன்னு ஆடற நாக் அவுட் டோர்னமென்ட். நம்ம பசங்கள்ல பாதி பேரு மே மாசம் ஃபைனல் அன்னிக்கு தான் டிவிய போடறாங்க, அதுவும் மான்செஸ்டர் சிட்டியோ மான்செஸ்டர் யுனைடெட்டோ ஆடுனா தான். கல்யாணத்துக்கு கடைசி பந்திக்கு போயி ரசமும் மோரும் சாப்ட்டு வர்ற மாதிரி ஆட்டம் அது. நவம்பர்லயே பந்தில உக்காந்துடணும்.

வழி இதான். ஃபர்ஸ்ட் ரவுண்டு ஆரம்பிக்கும்போது பேரே கேள்விப்படாத ஒரு சின்ன டீமா பாத்து எடுத்துக்குங்க. அது ஜெயிச்சினு இருக்கற வரைக்கும் அது தான் உங்க டீம், தோத்துடுச்சா, அத தோக்கடிச்சவன் தான் இனிமே உங்க டீம், திட்டிக்கினே மாறிக்குங்க. நாக் அவுட்ல இப்படியே கயிறு புடிச்சினு போனா கப்ப தூக்குற டீம்ல தான் போயி நிப்பீங்க, அது கணக்கு, தப்பவே தப்பாது.

நான் 2024-25 சீசன்ல டாம்வொர்த் எடுத்தேன். அஞ்சாவது டிவிஷன் டீம். பிளேயருங்க எல்லாம் பகல்ல வேற வேல பாக்கறவங்க, கோல்கீப்பர் ஜஸ் சிங் பில்டிங் சர்வேயர். தீபாவளி வார இறுதில ரெண்டு டிவிஷன் மேல இருக்கற ஹடர்ஸ்ஃபீல்ட 1-0ன்னு அடிச்சாங்க. ரெண்டாவது ரவுண்டு வந்த வார இறுதில தான் ஃபெஞ்சல் புயல், எங்க தெருல கரண்டு போயி போன்ல 9 பர்சென்ட் சார்ஜ் வெச்சினு ஸ்கோர் மட்டும் பாத்தேன், பர்ட்டன் டீம பெனால்ட்டில தூக்கிட்டாங்க.

அடுத்தது ஜனவரி 12, மறுநாள் போகி. வந்தது டாட்டன்ஹாம். வீட்ல எல்லாரும் பழைய பாய், கிழிஞ்ச துணின்னு ஒதுக்கினு இருக்காங்க, நான் டிவி முன்னாடி நகரல. செயற்கை புல்லு கிரவுண்டு, 90 நிமிஷமும் 0-0! கடைசில எக்ஸ்ட்ரா டைம்ல மூணு வாங்கிட்டாங்க. இதுல எனக்கு இன்னும் ஆறாத ஒரு விஷயம், முந்தின சீசன் வரைக்கும் டிரா ஆனா எதிர் டீம் கிரவுண்டுல ரீப்ளே, அதாவது மறுபடியும் ஒரு மேட்ச் உண்டு, அந்த பெரிய ஸ்டேடியம் டிக்கெட் காசுல சின்ன டீமுக்கும் பங்கு வரும். அந்த சீசன்ல தான் ஃபர்ஸ்ட் ரவுண்டுல இருந்தே ரீப்ளேவ எடுத்துட்டாங்க. பெரிய டீமுக்கு மேட்ச் ஜாஸ்தியாம், கால் வலிக்குதாம். சர்வேயருக்கு வலிக்காதா?

சரி, கயிறு டாட்டன்ஹாம் கைக்கு போச்சு. அவங்கள ஆஸ்டன் வில்லா 2-1ன்னு அனுப்பிச்சு. வில்லா செமிஃபைனல் வரைக்கும் வந்து கிரிஸ்டல் பேலஸ் கிட்ட 3-0 வாங்குச்சு. டாம்வொர்த்ல ஏறுனவன் பேலஸ்ல எறங்குனேன்.

இப்ப யாரு யாரோட ஆடுனாங்கன்னு குறிச்சி வெக்க சார்ட்டு. லாங்கு பஜார்ல ஒரு சார்ட் பேப்பர் வாங்கிக்குங்க, ஆனா நம்ம ஊரு டோர்னமென்ட்டுக்கு போடற மாதிரி கோடு கோடா இழுத்து ஃபைனல் வரைக்கும் ஃபிக்ஸ்சர் வரைஞ்சிடாதீங்க. நான் மொத தடவ ஸ்கேல் வெச்சி ராத்திரி பூரா வரைஞ்சேன், அப்புறம் தான் மண்டைல ஏறுச்சு, இங்க ஒவ்வொரு ரவுண்டுக்கும் புதுசா சீட்டு குலுக்கறாங்க. யாரு யாரோட மோதுவாங்கன்னு முன்கூட்டியே தெரியவே தெரியாது. பெரிய டீம் சின்ன டீம்னு பிரிச்சும் வெக்க மாட்டாங்க, எல்லா நம்பர் பந்தும் ஒரே டப்பால. குவார்ட்டர் ஃபைனல் வரைக்கும் மொதல்ல வர்ற பந்து யாருதோ அவங்க கிரவுண்டுல மேட்ச். அதனால ரவுண்டுக்கு ஒரு கட்டம் போட்டு விட்டுடுங்க, குலுக்கல் முடிஞ்சதும் எழுதுங்க. மொத கட்டம் பெருசா விடணும், ஆகஸ்ட்ல இருந்தே தகுதி சுத்து ஆடி மிஞ்சற 32 டீமும் மூணாவது நாலாவது டிவிஷன் டீமு 48ம் சேந்து 80. ரெண்டு ரவுண்டு முடிஞ்சா மிச்சம் 20. மூணாவது ரவுண்டுல தான் மேல இருக்கற ரெண்டு டிவிஷன், பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் காரங்க 44 பேரு வந்து உக்காருவாங்க, மொத்தம் 64, அதுக்கப்புறம் பாதி பாதியா கொறையும்.

டைம் விஷயத்துல நிறைய பேரு ஏமாறுவாங்க. நவம்பர்ல இருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் அவங்க டைமோட அஞ்சரை மணி நேரம் கூட்டணும், அதுக்கப்புறம் நாலரை தான். சனிக்கிழமை அங்க மத்தியானம் 3 மணி மேட்ச்னா குளிர்காலத்துல நமக்கு ராத்திரி எட்டரை, சாப்ட்டுனே பாக்கலாம். அங்க ராத்திரி 7:45ன்னா நமக்கு 1:15, மறுநாள் காலைல காட்பாடில ரயில் புடிக்கறவங்க அத விட்டுட்டு தூங்குங்க பா, காலைல ஸ்கோர் பாத்துக்கலாம். எந்த சேனல்னு வருஷா வருஷம் செக் பண்ணுங்க, உரிமம் கைமாறினே இருக்கும்.

சரி, பேலஸும் மான்செஸ்டர் சிட்டியும் மோதுன அந்த சீசன் ஃபைனல் மே 17, அக்னி நட்சத்திரம், மொட்டமாடி ராத்திரியிலயும் கொதிக்குது, 9 மணிக்கு மேட்ச். என் கூட்டாளி ஒருத்தன் சிட்டி மேல ஆம்பூர் பிரியாணி பந்தயம் கட்டுனான். 16வது நிமிஷம் பேலஸ் பிளேயர் எசே கோல். கொஞ்ச நேரத்துல பேலஸ் கீப்பர் ஹெண்டர்சன் பாக்ஸுக்கு வெளிய பந்துல கை வெச்சாரு, கார்டே காட்டல, கூட்டாளி சேர ஒதைக்கறான், அப்புறம் சிட்டிக்கு பெனால்ட்டி கெடச்சா அதே ஆளு மர்மூஷ் அடிச்சத புடுங்கிட்டாரு. 1-0. 1990லயும் 2016லயும் ஃபைனல் வந்து யுனைடெட் கிட்ட தோத்துட்டு போன பேலஸுக்கு அது மொத பெரிய கப்பு.

ஒரே ஒரு எச்சரிக்கை, பந்தயம் கட்டுனா பிரியாணிய மேட்சுக்கு முன்னாடியே வாங்க வெச்சிடுங்க, காசு அப்புறம் பாத்துக்கலாம். எங்களுது முடியறப்ப பதினொண்ணு ஆயிடுச்சி, போன கடைல எல்லாம் அண்டாவ கழுவி கவுத்து வெச்சிட்டாங்க.