மனசு பாரமா இருக்கா? இப்படி ஜெபிச்சு பாருங்க

காலைல எழுந்ததும் போன்ல நியூஸ் பாத்தா யுத்தம், விலைவாசின்னு மனசு கலங்கிடுது இல்லையா, அதுக்கு முன்னாடி பைபிள்ல இருக்கிற சங்கீதம் 121ஐ வாய்விட்டு வாசிங்க, மொத்தமே 8 வசனம்தான். சேலத்துக்காரங்க மொட்டை மாடில நின்னு சேர்வராயன் மலைய பாத்துக்கிட்டே வாசிங்க, அந்த மலைய உண்டாக்கினவர்தான் நமக்கு ஒத்தாசைன்னு அப்போ நல்லா புரியும்.

அப்புறம் ஏற்காடு பஸ்ல போறப்ப நான் செய்றது, 20 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, வளைவுக்கு ஒரு பேர் சொல்லி ஜெபம். அம்மாவோட முழங்கால் வலி, கடன்ல தவிக்கிற பக்கத்து வீட்டு அக்கா, நம்மள பகைக்கிறவங்களும்தான் (கஷ்டம்தான், ஆனா விடாதீங்க). பேரெல்லாம் ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக்கங்க. போன வாரம் எனக்கு 14 பேர்தான் வந்துச்சு, மீதி 6 வளைவுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே போனேன்.