பூக்காத ஆர்க்கிட்டையும் அடையாளம் காணலாம்: ஜவ்வாது மலையில் தொடங்குவோம்

காட்டு ஆர்க்கிட் என்றதும் நீலகிரியிலும் பழனி மலையிலும் மேகம் தவழும் சோலைக்காடுகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேலூர்க்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலையும் ஏலகிரியும் போதும். இங்கே இலையுதிர் காடுகளே அதிகம். கோடையில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது, கிளைமேல் பச்சையாக ஒட்டியிருப்பது தரையிலிருந்தே தெரியும். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் வேலை, பார்த்தது ஆர்க்கிட்தானா என்று உறுதி செய்வது. புல்லுருவியோடுதான் குழப்பம் அதிகம். புல்லுருவி கிளைக்குள் ஊடுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும்; பற்றிய இடம் பெரும்பாலும் புடைத்திருக்கும். ஆர்க்கிட் மரத்திடம் இடம் மட்டுமே கேட்கும். அதன் வேர்கள் பட்டையின்மேல் படர்ந்தோ காற்றில் தொங்கியோ இருக்கும். தடிமனாக, சாம்பல் கலந்த வெள்ளையாக, நுனி மட்டும் பச்சையாக இருக்கும். பள்ளித் தாவரவியலில் வாண்டா என்ற ஆர்க்கிட்டை வைத்துப் படித்தோமே, அந்த வெலாமன் திசுதான் இந்த வெள்ளைப் போர்வை. மழையில் நனைந்தால் வேர் பச்சையாகத் தெரியும், காய்ந்தால் மறுபடி வெளுக்கும். புல்லுருவி என்றெண்ணி மாமரத்து வாண்டாவை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அந்த மரத்துக்கு அது ஒரு தீங்கும் செய்வதில்லை. பெரணிகளும் மரத்தில் வளரும்; இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது பெரணி.

அடுத்து, வளரும் விதம். வாண்டாவில் ஒரே தண்டு மேல்நோக்கிப் போகும். வார் போன்ற இலைகள் இருபுறமும் அடுக்கடுக்காக நிற்கும். சிம்பிடியம் அலோயிஃபோலியம் புதராகக் கொத்துக் கட்டும். இலை தடித்து நீண்டிருக்கும், பூங்கொத்து கீழே தொங்கும். லூசியாவின் இலை தட்டையாகவே இராது, உருண்டிருக்கும். பூ இல்லாத மாதங்களில் பேரினம் (genus) வரை அடையாளம் காண இவை உதவும்.

பூ கிடைத்தால் எண்ணத் தொடங்குங்கள். வெளியே மூன்று புல்லி இதழ், உள்ளே மூன்று அல்லி இதழ். அல்லியில் ஒன்று மட்டும் வடிவம் மாறியிருக்கும். அதுதான் உதடு, பூச்சி வந்து இறங்கும் மேடை. நடுவில் ஆண், பெண் உறுப்புகள் இணைந்த ஒற்றைத் தூண். இந்த இரண்டும் இருந்தால் ஐயமே வேண்டாம். வாண்டா டெசலாட்டாவின் இதழ்களில் மஞ்சளும் பழுப்பும் கட்டம் கட்டமாக ஓடும், உதடு ஊதாவாக இருக்கும், நல்ல மணமும் உண்டு. இனத்தைப் பிரித்தறிய உதட்டின் வடிவமே முக்கியம். முன்பக்கப் படம் மட்டும் போதாது. உதட்டுக்குப் பின்னால் நீளும் குழல் பக்கவாட்டில்தான் தெரியும். இலை, வேர், தாங்கும் மரம் ஆகியவற்றையும் படமெடுங்கள்.

மழைக்காலத்தில் தரையையும் பாருங்கள். ஹாபனேரியா போன்றவை கிழங்கிலிருந்து முளைத்துப் பூத்துவிட்டு, வறட்சியில் மண்ணுக்கு மேல் தடமின்றி மறைந்துவிடும்.

எதையும் பறிக்க வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசு போன்றது. தனக்குள் உணவுச் சேமிப்பு இல்லாததால் காட்டில் அது முளைக்கப் பூஞ்சையின் துணை வேண்டும். ஒரு செடி போனால் அந்த இடத்தில் இன்னொன்று எளிதில் வராது. காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி அவசியம். செடி நிற்கும் இடத்தைப் பொதுவெளியில் துல்லியமாகச் சொல்லாதீர்கள்.

பிறகு சோலைக்காட்டுக்குப் போகும்போது கைலென்ஸ் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள ஓபரோனியா போன்றவற்றின் பூ சில மில்லிமீட்டர்தான். உதட்டின் வடிவம் வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது.