சபையும் தனி ஜெபமும்: நாம் சறுக்கும் இடங்கள்

மத்தேயு 6ஆம் அதிகாரம், 6ஆம் வசனத்தில் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறார் இயேசு. மூன்றே வசனம் தள்ளி, எப்படி ஜெபிப்பது என்று கற்றுக்கொடுக்கும்போது 'எங்கள் பிதாவே' என்று ஆரம்பிக்கிறார். பூட்டிய அறையில் ஒற்றை ஆளாக முழங்காலில் நிற்கிறவன் வாயில் 'எங்கள்' ஏன் வருகிறது? இப்படி ஆரம்பிக்கும் அந்தப் பரமண்டல ஜெபம் முழுவதும் தேடிப் பாருங்கள், 'எனக்கு' என்ற சொல்லே கிடையாது. ஆகாரமும் எங்களுக்கு, மன்னிப்பும் எங்களுக்கு. நாமோ ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று சபையையும் ஜெபத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறோம். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

சென்னைக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்களைப் பாருங்கள். பெயர் ஊர்ச் சபையில் இருக்கும். சபைச் சந்தாவான சங்கக் காணிக்கையை அண்ணன் கட்டிவிடுவார். சபை விருந்தான அசனத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் தலைகாட்டினால் சரி. சென்னையிலோ ஒரு வாரம் பாட்டு நன்றாக இருக்கும் சபை, அடுத்த வாரம் பிரசங்கம் நன்றாக இருக்கும் சபை, மழை பெய்தால் யூடியூப். நானும் ஐந்து வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். அம்மாவை ஆபரேஷனுக்கு அழைத்துப்போன அன்று ராத்திரி, ஜெபிக்க வாங்க என்று கூப்பிட ஒரு ஐயரின் (சபைப் போதகரின்) நம்பர்கூட என் போனில் இல்லை. குறை யார்மேலும் இல்லை. நான் யாரென்றே அங்கே எவருக்கும் தெரியாது.

அப்போஸ்தலர் 2:42 ஆதிச் சபையார் உறுதியாய்த் தரித்திருந்த நான்கைச் சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். யூடியூபில் முதலாவது தாராளமாகக் கிடைக்கும். படுக்கையில் கிடப்பவருக்கும் ஞாயிறு டியூட்டி பார்க்கும் நர்ஸுக்கும் அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. மற்றவர்கள் என்ன செய்யலாம்? போய்வரச் சுலபமான ஒரு சபையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பொறுப்பில் இருக்கும் போதகரான சேகரகுருவிடம் பேசி, ஊர்ச் சபையிலிருந்து என்ன கடிதம் வேண்டுமோ அதை வாங்கிக் கொடுத்துப் பெயரைப் பதியுங்கள். பிரசங்கம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. சமையல் சுமார் என்பதற்காக யாரும் வீட்டை மாற்றுவதில்லை.

அடுத்தது, ஜனவரி வேகம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுத்த கையோடு, 'நாளையிலிருந்து காலை நாலு மணி, ஒரு மணி நேர ஜெபம்' என்று தீர்மானம் போடுவோம். பொங்கலுக்குள் அது போய்விடும். அப்புறம் குற்ற உணர்ச்சியில், ஜெபிக்கிற பத்து நிமிடத்தையும் விட்டுவிடுவோம். தானியேல் அரசாங்க வேலையில் இருந்தவர். அவரை மாட்டிவிடச் சட்டம் போட்ட அன்றும் மேலறைக்குப் போய் 'தான் முன் செய்துவந்தபடியே' தினம் மூன்று வேளையும் ஜெபம்பண்ணினார் என்கிறது வேதம். அந்தச் சொற்றொடரில்தான் விஷயம் இருக்கிறது. ஆபத்து வந்த அன்று புதிதாக ஆரம்பிக்கவில்லை. பத்து நிமிடம் போதும், ஆனால் அதே நேரம், அதே நாற்காலி. வேதாகமத்தைப் புத்தகமாக எடுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். ஆப்பில் சங்கீதம் படிக்கப் போய் வாட்ஸ்அப்பில் கரையேறியவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இரவல் குரலில் ஜெபிப்பது இன்னொன்று. மேடைப் பிரசங்கியார் ஒருவரின் ஏற்ற இறக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மூச்சுவிடும் இடத்தில் எல்லாம் 'ஸ்தோத்திரம்' போட்டு நிரப்புவது. தனியறையிலும் இது நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. 'தாரும், அருளும்' வராவிட்டால் ஜெபம் இல்லை என்று யார் சொன்னது? வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். கோபம் இருந்தால் அதையும் சொல்லலாம். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13ஆம் சங்கீதம் நேரடியாகக் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது, ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். ஜெபம் வறண்டு போன வாரங்களில் சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தையே சத்தமாக வாசியுங்கள், அதுவும் ஜெபம்தான்.

பொறுப்பை எல்லாம் தலையில் ஏற்றிக்கொள்வதும் தவறுதான். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, கமிட்டி, போதாததற்குச் சபைத் தேர்தல். ஒன்றை மட்டும் எடுங்கள். தேர்தலில் தோற்ற வருத்தத்தில் சபையையே விட்டுப் போனவர்களை நான் அறிவேன்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒரு வாக்கியத்துக்கு: 'ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்.' இதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுக் கதை. மகளின் கல்யாணம் தள்ளிப்போவதும் மகனின் குடியும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் மூன்று வாட்ஸ்அப் குழு தாண்டிவிடும். அடிபட்ட குடும்பம் அடுத்த ஞாயிறு வராது. ஒருவர் தன் பாரத்தை உங்களிடம் சொன்னால், அதை வெளியே சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். பொதுவில் ஜெபிக்கும்போது பெயரும் விவரமும் வேண்டாம், அறைவீட்டில் பெயர் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பெயர்கள் எங்கிருந்து வரும்? ஆராதனை முடிந்ததும் பைக் சாவியைத் தேடாமல் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு பேரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். எத்தனையோ வருஷமாக நமக்கு மணி அடிக்கிற கோவில்பிள்ளையின் (கோவில் ஊழியரின்) பெயர் தெரியுமா? எனக்குப் போன லெந்து காலத்தில்தான், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில்தான், தெரிந்தது. அவருக்கு முழங்கால் வலி, மணிக்கூண்டுப் படி ஏற முடியவில்லையாம்.