கியூட் தேர்வு: விண்ணப்பத்திலேயே கோட்டை விடாதீர்கள்

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம் படிக்க ஆசை. அதற்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர நடக்கும் பொது நுழைவுத் தேர்வான கியூட்டை எழுத வேண்டும். பிளஸ் டூவில் அவன் எடுத்தது வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள். கணிதம் இல்லை. "பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் கியூட்டில் எழுதலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, கணிதத்தையும் சேர்த்து ராப்பகலாகப் படித்து எழுதினான்.

சொன்னது பொய்யில்லை. தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை 2025 முதல் அதை அனுமதிக்கிறது. ஆனால் இடம் தருவது முகமை இல்லையே, பல்கலைக்கழகம்தானே! டெல்லியில் பிளஸ் டூவில் படித்த பாடமோ அதற்கு நெருங்கிய பாடமோதான் கணக்கில் வரும். பொருளாதாரத்துக்குக் கணிதம் கட்டாயம். பிள்ளையின் உழைப்பு முழுக்க வீணாய்ப் போனது.

அதனால்தான் சொல்கிறேன்: படிப்பையும் பல்கலைக்கழகத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். அவர்கள் கேட்கும் பாடங்களைப் பார்த்த பிறகு விண்ணப்பத்தைத் தொடுங்கள். அதிகபட்சம் ஐந்து பாடங்கள்தான். மொழித்தாளிலும் கவனம் வேண்டும். தமிழை மட்டும் எடுத்துவிட்டு டெல்லியில் ஆங்கில ஆனர்ஸ் கேட்க முடியாது. அதற்கு ஆங்கிலத் தாளே வேண்டும்.

நம் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் சமச்சீர்ப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள். கியூட் கேள்விகள் மத்திய அரசு நிறுவனமான என்சிஇஆர்டி வெளியிடும் பிளஸ் டூ பாடத்தை ஒட்டியவை. அந்தப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்புறம், மைனஸ் மார்க் பயம். ஒரு பாடத்துக்கு 50 கேள்விகள், 60 நிமிடம். சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 குறையும். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் தப்பு என்று தெரிந்தும் பயந்து விட்டுவிடுகிறார்கள். அப்படிப் பத்துக் கேள்விகளுக்கு விடை போட்டு, பாதி சரியானாலே 25 கிடைக்கும், 5 போகும். கையில் நிற்பது 20. இதை விடலாமா?

விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்த மதிப்பெண்ணும் முடிவில் வருவதும் ஒன்றாக இல்லையென்றால் பதற வேண்டாம். ஒரே பாடத்துக்குப் பல ஷிஃப்டுகளில் தேர்வு நடப்பதால், வினாத்தாள்களின் கடின வித்தியாசத்தை ஈடுகட்டிச் சமன்படுத்திய மதிப்பெண்ணைத்தான் தருகிறார்கள்.

முடிவு வந்ததும் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். கியூட்டுக்குப் பொதுக் கலந்தாய்வு கிடையாது. டெல்லியானாலும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமானாலும் அந்தந்தத் தளத்தில் தனியாகப் பதிவு செய்தால்தான் உங்கள் பெயர் பட்டியலுக்கே வரும்.