சாதி வசவு ரீல்ஸ்: ரிப்போர்ட் அடிக்கும் முன்

கோயில் கொடை, தலைவர் பிறந்தநாள் என்றால் நெல்லைச் சீமையில் சாதி ரீல்ஸ் கொட்டும். தன் பெருமை பேசுவது வேறு. இன்னொரு சாதியை இழித்துப் பேசுவதும் அரிவாள் காட்டி மிரட்டுவதும் வேறு. பின்னதைக் கண்டதும் கை ரிப்போர்ட் பட்டனுக்குத்தான் போகும். பொறுங்கள். இன்ஸ்டாகிராமோ யூடியூபோ அந்தப் பதிவை நீக்கிவிட்டால் ஸ்டேஷனில் காட்ட ஒன்றும் இருக்காது. (இன்றே வெட்டுக்குத்து நடக்கும் போலிருந்தால் 112-க்கு உடனே அடியுங்கள்.)

முதலில் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, போட்டவரின் புரொஃபைல், யூசர்நேம், பதிவு, கமெண்டுகள் என்று நிறுத்தாமல் எடுங்கள். பிறகு லிங்கைக் காப்பி செய்யுங்கள். மேலே தெரியும் பெயர் மட்டும் போதாது. அதை அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஸ்டோரியும் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

வாட்ஸ்அப் குரூப் என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் போன் எண் தெரிய வேண்டும். நீங்கள் சேமித்து வைத்த "மேலத்தெரு தம்பி" யாரென்று கோர்ட்டுக்குத் தெரியாது. உறுப்பினர் எண்ணிக்கையையும் எடுத்து, சாட்டை எக்ஸ்போர்ட் செய்த பிறகே குரூப்பை விட்டு வெளியேறுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ஆம் பிரிவின்படி சான்று கேட்பார்கள். அதனால் அந்தப் போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். "ஏலே, இதப் பாரு" என்று நாலு குரூப்புக்குத் தட்டிவிட்டால் பரப்பியவர்களில் நீங்களும் ஒருவர்.

மனுவில் "கேவலமாகத் திட்டினார்" என்று நாசூக்கு பார்க்க வேண்டாம். வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். நாள், நேரம், லிங்க், எத்தனை பேர் பார்க்கும் இடம் என்பதும் வேண்டும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிற சாதியினர் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆனால் அவமதிப்பு பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். தனி இன்பாக்ஸ் வசவு அந்தச் சட்டத்தின் அவமதிப்புப் பிரிவில் நிற்பது கடினம். உறுப்பினர் எண்ணிக்கை கேட்டது இதற்குத்தான். மற்றச் சாதிகளுக்குள் பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 196-ஆம் பிரிவு.

"பேசி முடிச்சிருவோம்" என்று ஸ்டேஷனில் சொன்னால் வன்கொடுமைச் சட்டத்தின் 18-ஏ பிரிவைக் காட்டுங்கள்: எஃப்.ஐ.ஆர். போட முதல்கட்ட விசாரணை தேவையில்லை. அதற்கும் மசியாவிட்டால் மனுவை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனருக்கு. வன்கொடுமைப் புகார்களுக்கென 14566 உதவி எண்ணும் இருக்கிறது.

மனு ரசீது கைக்கு வந்ததும் ரிப்போர்ட் அடிக்கலாம். இன்ஸ்டாகிராம், யூடியூப் இரண்டின் விதிகளிலும் சாதி இருக்கிறது. வெறுப்புப் பேச்சு என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் குரூப்பை ரிப்போர்ட் செய்யும்போது, வெளியேறி மெசேஜ்களை அழிக்கும் தேர்வும் கூடவே வரும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு அடியுங்கள்.